கயிற்றை இழுக்கப்போவது யார்?

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி இலங்கையை உலுப்பிவிட்டுச் சென்ற கையோடு, ரொறன்ரோவிலிருந்து தம்பி முறையான ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். என் சின்னம்மாவின் ஒரே மகன். சின்னம்மாவுக்கு வயது 76. கோண்டாவிலில், தகப்பன் காலத்து நாற்சார் வீட்டின் எஞ்சிய பாதியில் தனியே இருக்கிறார். சூறாவளி நாட்களில் தாயாருடன் பேச முடியாமற்போன பதற்றம் தம்பியின் குரலில் அப்போதும் தணியவில்லை.

"அண்ணை, நான் காசு போட்டுவிடுறன். அம்மாவுக்கு நல்ல ஜெனறேற்றர் ஒண்டு வாங்கிக் குடுங்கோ. அஞ்சு கேவிஏ காணுமோ, இல்லாட்டி ஏழரை வேணுமோ எண்டு கடையிலை விசாரிச்சுச் சொல்லுங்கோ."

பார்த்துச் சொல்கிறேன் என்று தொடர்பைத் துண்டித்தேன். அன்று இரவு முழுவதும் அந்தக் கேள்வி என்னை விட்டு அகலவில்லை. 2020 டிசம்பரில் ஓர் இரவு, இப்படியான ஒரு இயந்திரம் என்னையும் என் மனைவியையும் மகளையும் ஏறக்குறைய முடித்துவிடப் பார்த்தது. அதைப் பின்னர் சொல்கிறேன். அதற்கு முன்னர் தம்பியின் கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன். ஏனெனில் அது அவருடைய கேள்வி மாத்திரமன்று. சூறாவளிக்குப் பின்னர் யாழ்ப்பாணக் கடைத்தெருவில் மின்பிறப்பாக்கி வாங்க நின்றவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது "எத்தனை கேவிஏ?" என்பதைத்தான். எனது அபிப்பிராயத்தில் அது கடைசியாகக் கேட்கவேண்டிய கேள்வி.

எங்களுடைய தலைமுறைக்கு இந்த இயந்திரத்தோடு உள்ள உறவு பழையது. 1990 இல் யுத்தம் மீண்டும் மூண்டபோது லக்சபானா மின்சாரம் குடாநாட்டுக்கு இல்லாமற் போயிற்று. பெற்றோலும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்கள். ஜாம் போத்தலுக்குள் சொற்ப மண்ணெண்ணெயும் பஞ்சுத்திரியும் இட்டுக் கொளுத்திய விளக்கில் படித்துத்தான் பலர் பல்கலைக்கழகம் புகுந்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்னில் வானொலிச் செய்தி கேட்டோம். ஊருக்கு ஒன்றிரண்டு மின்பிறப்பாக்கிகள் இருந்தன. துளியளவு பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். கண்ணெரியப் புகை கக்கும். ஆயினும் அந்த இயந்திரம் எந்த வீட்டுக்கும் தனியே சொந்தமானதன்று என்பதுபோல ஒரு நிலை இருந்தது. கலியாண வீட்டுக்கும் கோயில் திருவிழாவுக்கும் வாடகைக்கு வரும். தொலைக்காட்சியையும் டெக்கையும் கூட்டிக்கொண்டு வந்து முற்றத்தில் இரவிரவாகப் படம் காட்டும். சத்தம் கேட்டால் எரிச்சற்படாமல், எங்கே படம் போடுகிறார்கள் என்று தேடிப் போன காலம் அது.

முப்பது வருடங்களுக்குப் பின்னர் நிலைமை தலைகீழ். இன்று அது மதில் உயர்ந்த வீட்டின் தனிச்சொத்து. வெளிநாட்டுப் பிள்ளையின் அக்கறைக்குச் சாட்சியாகக் கராஜில் நிற்கும் பொருள். எத்தனையோ வீடுகளில் அது பொலித்தீன் உறைகூடக் கழற்றப்படாமல் நிற்பதை நான் கண்டிருக்கிறேன். தேவை வந்த அன்று அது இயங்காது என்பதையும் கண்டிருக்கிறேன்.

மின்சாரம் போவது ஒரே விதமாக நிகழ்வதில்லை என்பதைக் கடையில் எவரும் எடுத்துச் சொல்வதில்லை. மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றியதால் 1996 இலும் 2001, 2002 இலும் தென்னிலங்கை கண்டதும், டொலர் இல்லாமல் எரிபொருள் வாங்க முடியாததால் 2022 இல் நாடு முழுவதும் கண்டதும் அட்டவணை போட்டு வருகின்ற மின்வெட்டு. வரும் நேரமும் போகும் நேரமும் தெரியும். நாளில் சில மணித்தியாலங்களாவது மின்சாரம் இருக்கும். இரண்டாவது, மின்வலையமைப்பே ஒருங்கே சரிவது. 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை முற்பகல் பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததாகச் சொல்லி நாடே இருண்டதே, அது இந்த வகை. (குரங்கின் மீது பழியைப் போட்டுவிட்டுத் தப்புவது இலகு. ஒரு குரங்கைத் தாங்க முடியாத வலையமைப்பை யார் வைத்திருந்தார்கள் என்பது வேறு கட்டுரை.) இத்தகைய சரிவு பெரும்பாலும் சில மணித்தியாலங்களில் சீராகிவிடும். மூன்றாவது வகை புயல். மரம் விழுந்து, கம்பம் சரிந்து, கம்பி அறுந்து, எப்போது வரும் என்று எவராலும் சொல்ல முடியாமல் நாட்கணக்கில் இருள்வது.

முதலிரண்டு வகைகளுக்கும் பெற்றோல் இயந்திரம் தேவையே இல்லை என்பது என் நிலைப்பாடு. 2022 மார்ச் 31 அன்று மின்வெட்டு 13 மணித்தியாலத்தைத் தொட்டது. அக்காலத்தில் ஏ, பி, சி என்று நாட்டை எழுத்து எழுத்தாகப் பிரித்த மின்வெட்டு அட்டவணையை நாள்தோறும் பத்திரிகையில் இட்டோம். அதே நாட்களில், வீட்டில் மின்பிறப்பாக்கி வைத்திருந்த நண்பர்கள் வெறும் பெற்றோல் கானுடன் வரிசையில் நின்றார்கள். கான்களில் எரிபொருள் வழங்குவதற்குத் தடை வந்ததும் அந்த வரிசையும் இல்லாமற் போயிற்று. மோட்டார் சைக்கிளின் தாங்கியிலிருந்து குழாய் போட்டு வாயால் உறிஞ்சி எடுத்தார்கள் சிலர். அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவாயிற்று. மின்சாரம் நின்றுபோனதற்கும் மின்பிறப்பாக்கி நின்றுபோனதற்கும் காரணம் ஒன்றே. நாட்டில் எண்ணெய் இல்லை. நாட்டுக்கு எண்ணெய் இல்லாத நாளில் எண்ணெயில் ஓடும் இயந்திரத்தை நம்பியிருப்பதில் என்ன தர்க்கம் இருக்கிறது?

அந்த நாட்களில் நிம்மதியாக உறங்கியவர்கள் பற்றரியும் இன்வேர்ட்டரும் வைத்திருந்தவர்கள். கணக்கு மிக எளிது. 12 வோல்ற், 100 அம்பியர் மணித்தியால ஈயப் பற்றரி ஒன்றில் 1,200 வாற்று மணித்தியாலம் இருக்கிறது. ஈயப் பற்றரியை அரைவாசிக்கு மேல் வடித்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே 600 என்று கொள்வோம். எல்.ஈ.டி. மின்குமிழ்கள் மூன்று, ஒரு மின்விசிறி, இணையப் பெட்டி எல்லாம் சேர்ந்து 100 வாற்று. ஆறு மணித்தியாலத்துக்குக் கிட்டக் கிடைக்கும். மின்சாரம் வந்ததும் தானாகவே நிரம்பிக்கொள்ளும். லித்தியம் இரும்புப் பொஸ்பேற்று வகையானால் விலை கூட, ஆனால் பெரும்பகுதியை வடிக்கலாம், ஆயுளும் பன்மடங்கு. சத்தமில்லை, புகையில்லை. கயிறு இழுக்கத் தேவையில்லை.

இங்கே ஒரு மயக்கத்தையும் தெளிவுபடுத்த வேண்டும். கூரையில் சூரிய மின்கலத் தகடுகள் பொருத்தி மின்சார சபைக்கு மின் விற்பவர்களில் அநேகர், மின்சாரம் நின்றாலும் தமக்கு வெளிச்சம் இருக்கும் என்று நம்பியிருந்தார்கள். 2025 பெப்ரவரி 9 அந்த நம்பிக்கையைக் கலைத்தது. நடுப்பகல், வானத்தில் வெயில், கூரை நிறையத் தகடுகள், வீட்டுக்குள் மின்விசிறி சுற்றவில்லை. வலையமைப்பில் மின் இல்லாதபோது அந்தத் தொகுதி தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும்படிதான் அமைக்கப்படுகிறது. அறுந்த கம்பியைத் திருத்தும் ஊழியரின் உயிரைக் காப்பதற்கான ஏற்பாடு அது. பற்றரியும் அதற்கேற்ற இன்வேர்ட்டரும் சேர்த்துப் பொருத்தினால் மாத்திரமே கூரை மின் வீட்டுக்கு உதவும்.

எஞ்சியிருப்பது புயல். நான்கைந்து நாட்கள் மின்சாரம் இல்லை, வானமும் மூடியிருக்கிறது, வீட்டில் ஒட்சிசன் செறிவாக்கியில் சுவாசிக்கும் நோயாளி ஒருவர் இருக்கிறார் என்றால் மின்பிறப்பாக்கி ஆடம்பரமன்று, அவசியம். இன்சுலின் குளிரூட்டி வைக்க வேண்டியவர்களுக்கும், மீனும் பாலும் விற்றுப் பிழைக்கும் சிறு வியாபாரிக்கும் அப்படியே. அவர்கள் வாங்கத்தான் வேண்டும். வாங்குவதானால் எப்படி என்பதற்கு வருகிறேன்.

கடைக்குப் போகுமுன் ஒரு தாளில், மின்சாரம் இல்லாத இரவில் எவையெவை ஓடியே ஆகவேண்டும் என்று எழுதுங்கள். எவையெவை ஓடினால் நன்று என்றன்று. சின்னம்மாவின் வீட்டுக்கு நான் எழுதிப் பார்த்தேன். மின்குமிழ் நான்கு, 36 வாற்று. மின்விசிறி, 60. இணையமும் கைத்தொலைபேசியும் 20. குளிர்சாதனப் பெட்டி ஓடும்போது 120 அளவில். ஆகக்கூடி 250 வாற்றுக்கு உட்பட்ட வாழ்க்கை அவருடையது! ஐந்து கேவிஏ எங்கிருந்து வந்தது?

வந்தது கிணற்றிலிருந்து. யாழ்ப்பாணத்து வீடுகளில் ஒரு குதிரைவலு நீர்ப்பம்பி இருக்கும். ஓடும்போது ஏறக்குறைய 1,000 வாற்று எடுக்கும். ஆனால் மோட்டார் நின்ற நிலையிலிருந்து கிளம்பும் கணத்தில் ஓடும்போது எடுப்பதைப்போல மூன்று மடங்கும் அதற்கு மேலும் இழுக்கும். குளிர்சாதனப் பெட்டியும் அப்படியே, 120 வாற்றுக்காரன் கிளம்பும்போது 700, 800 கேட்பான். ஆகவே பம்பியையும் இயக்க வேண்டுமென்றால் மூன்றரை, நான்கு கேவிஏ இயந்திரம் வேண்டும். பம்பியை விட்டுவிட்டால் ஒன்றரை, இரண்டு கேவிஏ தாராளமாகக் காணும். நாளில் பதினைந்து நிமிடம் ஓடும் பம்பிக்காக, மற்ற இருபத்துமூன்றே முக்கால் மணித்தியாலமும் இருமடங்கு பெரிய இயந்திரத்துக்குத் தீனி போட வேண்டுமா? சூறாவளி எச்சரிக்கை வந்தவுடன் மேல்தாங்கியை நிரப்பிவிடலாம். அதன்பின் துலாவும் வாளியும் இல்லாத கிணறு யாழ்ப்பாணத்தில் இருக்கிறதா என்று முன்னர் எழுதியிருப்பேன். இப்போது இருக்கிறது, கிணற்றுக்கு இரும்பு மூடி போட்டுப் பூட்டிவிடுகிறார்கள். ஒரு கயிறும் வாளியும் வாங்கி வையுங்கள். மின்கேத்தல், மின் அழுத்தி, சோறு காய்ச்சும் குக்கர் ஆகிய சூடேற்றும் சாமான்களை இந்தப் பட்டியலிலேயே சேர்க்க வேண்டாம். கேத்தல் ஒன்றே 2,000 வாற்று.

இயந்திரத்தின் வயிற்றில் பெரிய எழுத்தில் ஒட்டியிருக்கும் எண் அநேகமாக உச்ச வலு. சில வினாடிகள் தாங்கும் அளவு. தொடர்ந்து தரக்கூடியது எவ்வளவு என்பது சிறிய எழுத்தில் இருக்கும், அதைக் கேளுங்கள். கேவிஏயில் சொல்லப்பட்டிருந்தால் 0.8 ஆற் பெருக்கிக் கிலோவாற்றாக மாற்றிப் பாருங்கள். அதிலும் முக்கால்வாசிக்கு மேல் தொடர்ந்து சுமை ஏற்றாதிருப்பது நல்லது. மின்சுருள் செம்புக் கம்பியா அலுமினியமா என்பதையும் விசாரிக்க வேண்டும். கடைக்காரர் செம்பு என்றே சொல்வார். எழுத்தில் தருவாரா என்று கேட்டால் முகம் மாறும்.

சாதாரண இயந்திரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ் தருவதற்காக, சுமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடிக்கொண்டேயிருக்கும். அதனால் சத்தம், அதனால் எண்ணெய்ச் செலவு. இன்வேர்ட்டர் வகை மின்பிறப்பாக்கி அப்படியன்று. சுமைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். மின்னின் அலைவடிவமும் சுத்தமாக இருப்பதால் கணினிக்கும் மருத்துவக் கருவிக்கும் நல்லது. இரண்டு கேவிஏ அளவிலானதை ஒருவர் கையிற் தூக்கலாம், இருபது கிலோவைச் சற்றுத் தாண்டும். விலை இரண்டு மூன்று மடங்கு என்பது உண்மை. ஆனால் இரவு முழுவதும் ஓடவேண்டிய இடத்தில் எண்ணெயில் அதன் மிச்சம் தெரியும். கால்வாசிச் சுமையில் ஒரு லீற்றருக்கு இரண்டு மணித்தியாலம் ஓடும், முழுச் சுமையானால் ஒரு மணித்தியாலமும் நிற்காது. பெற்றோலோடு எண்ணெய் கலந்து ஓடும் மலிவான இரண்டடிப்பு இயந்திரங்கள் வருகின்றனவே, அவற்றை நான் எவருக்கும் பரிந்துரைப்பதில்லை.

இதிலே செலவு எவ்வளவு என்றும் பார்த்துவிடுவோம். பெற்றோல் லீற்றர் 300 ரூபா என்று வைத்துக்கொண்டு, அந்த ஒரு லீற்றரில் 400 வாற்று இரண்டு மணித்தியாலம் கிடைக்கிறது என்றால், நீங்கள் பெற்றது 0.8 அலகு. ஓர் அலகு 375 ரூபா. மின்சாரப் பட்டியல் கூடிவிட்டதென்று நாங்கள் போராட்டம் நடத்துகிற விலையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அவசியமான நேரத்தில் மாத்திரம், இரண்டு மணித்தியாலம் ஓடவிட்டுக் குளிர்சாதனப் பெட்டியைக் குளிர்த்தி, பற்றரிகளை நிரப்பிவிட்டு நிறுத்துவதே புத்தி. நன்கு மூடிய பெட்டி நான்கு மணித்தியாலம் குளிரைக் காக்கும்.

தம்பி இன்னொன்றும் கேட்டார், கனடாவிலிருந்தே கப்பலில் அனுப்பினால் என்ன என்று. வேண்டாம். அங்குள்ளது 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்குள்ள பெரும்பாலான சாமான்களுக்குப் பொருந்தாது.

இனி, 2020 டிசம்பர் இரவு.

புரெவிச் சூறாவளி கரையைக் கடந்த நாட்கள். மழை விட்டபாடில்லை. மின்சாரம் இல்லை. என்னிடம் இரண்டரை கேவிஏ சாதாரண இயந்திரம் ஒன்று இருந்தது. வழமையாக அதை மாமரத்தடியில் வைத்துத்தான் இயக்குவேன். அன்று மழையில் நனையுமே என்று பின்விறாந்தைக்குத் தூக்கி வந்தேன். விறாந்தைக்குக் கூரையுண்டு, இரு பக்கமும் கம்பி வலை, திறந்த இடம் என்றே நினைத்தேன். வயரைக் குசினிக் கதவுக்கூடாக உள்ளே எடுத்ததால் கதவு நான்கு விரற்கடை திறந்திருந்தது. மழைச்சாரல் அடிக்கிறதென்று முன்பக்க யன்னல்களை எல்லாம் சாத்தியிருந்தோம். இரவு எட்டு மணியளவில் இயக்கிவிட்டுக் கட்டுரையொன்றை எழுதி முடிக்கக் கணினியின் முன் அமர்ந்தேன்.

ஒன்பதரை மணிக்கு மனைவி தலையிடிக்கிறதென்றார். களைப்பாக இருக்கும் என்றேன். மகளுக்கு ஓங்காளித்தது. மத்தியானம் உண்ட மீனைச் சந்தேகித்தோம், மழைக்காலத்து மீன். எனக்கும் எழுதிய வசனத்தைத் திரும்ப வாசித்தால் பொருள் விளங்கவில்லை. நித்திரைத் தூக்கம் என்று எண்ணினேன். தேநீர் ஊற்றலாம் என்று எழுந்தபோது முழங்கால் மடிந்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த வேளையில்கூட இயந்திரத்தை நான் நினைக்கவில்லை.

எங்களைக் காப்பாற்றியது என் அறிவன்று. தாங்கியில் பெற்றோல் முடிந்தது. இயந்திரம் இருமி நின்றது, மின்விசிறி நின்றது, புழுக்கம் தாங்காமல் மகள் தள்ளாடிப் போய் யன்னலைத் திறந்தாள். குளிர்காற்று உள்ளே வந்தது. வீட்டுக்கு வெளியே இறங்கி மழையில் நின்றபோதுதான் எனக்கு விளங்கியது. மறுநாள் பார்த்த வைத்தியர், இன்னும் ஒரு மணித்தியாலம் ஓடியிருந்தால் என்று தொடங்கிய வசனத்தை முடிக்கவில்லை.

மூடிய இடத்தில் மின்பிறப்பாக்கி இயக்கி உயிரிழந்தோர் பற்றிய செய்திகளைத் திருத்தி, தலைப்பிட்டு, அச்சுக்கு அனுப்பியவன் நான். 'மூடிய இடம்' என்றால் அறை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கூரையுள்ள விறாந்தையும், அரைவாசி திறந்த கராஜும், மாடி வீட்டுப் பல்கனியும் மூடிய இடமே. காபனோரொட்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியில் உள்ள ஈமோகுளோபினோடு ஒட்சிசனைப் பார்க்கிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிணைவது. முதலில் மங்கச் செய்வது மூளையை என்பதால், ஆபத்தை உணரவேண்டிய உறுப்பே உணரும் திறனை இழந்துவிடுகிறது. 2020 ஓகஸ்டில் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தை லோரா சூறாவளி தாக்கியபோது, கடலும் காற்றும் கொன்றவர்களை விட மின்பிறப்பாக்கிப் புகை கொன்றவர்கள் அதிகம். அந்நாட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 100 பேர் இவ்வாறு இறக்கிறார்கள். வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்புறமாக இருக்கும்படி, முற்றிலும் வெளியே வைக்கவேண்டும் என்பதே அங்கு கூறப்படும் விதி. மழையானால் நான்கு பக்கமும் திறந்த சிறு பந்தல் ஒன்றை வளவுக்குள் முன்கூட்டியே போட்டு வையுங்கள். அந்த இருபது அடி வெளி உங்கள் வளவில் இல்லையென்றால், வெள்ளவத்தைத் தொடர்மாடியில் வாழும் நண்பர்களே, உங்களுக்கு இந்த இயந்திரம் உரியதன்று. வேறு பேச்சில்லை.

மற்றொரு கொடுமை, இரு முனையிலும் ஆண் செருகி பொருத்திய வயர். ஒரு முனையை மின்பிறப்பாக்கியிலும் மறுமுனையைச் சுவரிலுள்ள செருகித்துளையிலும் செருகி வீடு முழுவதற்கும் மின் ஏற்றுகிறார்கள். மின்சாரம் பார்க்கத் தெரிந்தவர்களே செய்து கொடுக்கிறார்கள். பிரதான ஆளியை நிறுத்த மறந்தால் அந்த மின் வீதிக்குப் போகும். மின்மாற்றி அதைத் தலைகீழாக உயர்த்தி 11,000 வோல்ற், 33,000 வோல்ற் கம்பிக்கு ஏற்றும். புயலில் அறுந்த கம்பியைக் கட்ட, மின் இல்லை என்ற நம்பிக்கையில் கம்பத்தில் ஏறிநிற்பவர் ஒருவர் வீட்டுப் பிள்ளை. வீட்டு மின்னிணைப்புக்குக் கொடுப்பதானால் தகுதியுள்ளவரைக் கொண்டு மாற்று ஆளி, அதாவது சேஞ்ச் ஓவர் சுவிச், பொருத்துங்கள். இல்லையேல் தடித்த நீட்டு வயரில் சாமான்களை நேரே செருகுங்கள். இதைச் செய்யாதவர்களுக்கு மின்சார சபை இணைப்பைத் துண்டித்தாலும் நான் கண்டிக்க மாட்டேன்.

பராமரிப்பைப் பற்றிச் சுருக்கமாக. மாதம் ஒருமுறை சுமையுடன் கால் மணித்தியாலம் ஓடவிடுங்கள். நீண்டநாள் நிறுத்துவதானால் எண்ணெய்க் குழாயை மூடி, காபரேற்றர் வற்றித் தானாக நிற்கும்வரை ஓடவிடுங்கள். நாட்பட்ட பெற்றோல் பிசினாகி அடைத்துக்கொள்ளும். என்ஜின் ஒயிலை முதல் இருபது மணித்தியாலத்தில் மாற்றுங்கள். சூடாக இருக்கும்போது பெற்றோல் ஊற்றாதீர்கள். வீட்டுக்குள் கான் கணக்கில் பெற்றோல் பதுக்கியதால் 2022 இல் எரிந்த வீடுகளை மறக்க வேண்டாம்.

இவ்வளவையும் தம்பிக்குச் சொல்லப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு, அதற்கு முன் சின்னம்மாவைப் பார்க்கக் கோண்டாவிலுக்குப் போனேன். வழியில் ஒரு கடையில் நிறுத்தி, காட்சிக்கு வைத்திருந்த இயந்திரமொன்றின் கயிற்றை இழுத்துப் பார்த்தேன். மூன்றாம் இழுப்பில் இயங்கியது. எனக்கே தோள் நொந்தது. பொத்தானை அழுத்தி இயக்கும் வகையும் உண்டு என்றார் கடைக்காரர். உண்மைதான். ஆனால் அதற்கும் ஒரு பற்றரி, அந்தப் பற்றரியையும் யாரோ கவனிக்க வேண்டும். புயல் இரவில் 76 வயதுப் பெண் ரோர்ச்சைப் பிடித்துக்கொண்டு இருபது அடி இருளுக்குள் நடந்து, சேற்றில் குனிந்து, எண்ணெய் பார்த்து, பெற்றோல் ஊற்றி... நடக்கமாட்டாமல் குசினி வாசலுக்கு இழுத்து வைத்துவிடுவார். நான் வைத்ததைப் போல.

சின்னம்மாவிடம் கேட்டேன், புயலன்று எது கஷ்டமாக இருந்ததென்று.

"கஷ்டம் எண்டு என்னத்தைச் சொல்ல. இருட்டிலை இருந்து பழகின சனம் தானே தம்பி நாங்கள். போன் செத்துப்போச்சு, அதுதான். அவன் அங்கை பயந்திருப்பான் எண்டு நினைச்சு நான் பயந்தன். மற்றது இராத்திரி கக்கூசுக்குப் போக வெளிச்சம் இல்லை."

குளிர்சாதனப் பெட்டியில் என்ன இருக்கிறது என்று திறந்து பார்த்தேன். ஒரு போத்தல் தண்ணீர், அரைமூடித் தேங்காய், கறிவேப்பிலை.

தம்பிக்கு அன்றிரவே எழுதினேன். சிறிய லித்தியம் பற்றரியும் இன்வேர்ட்டரும், அதை நிரப்பக் கூரையில் இரண்டு தகடுகளும் போதும், நானே நின்று பொருத்துவிக்கிறேன். கக்கூசுக்குப் போகும் வழியில், மின் நின்றதும் தானாக எரியும் விளக்கு ஒன்று. கிணற்றுக்குக் கயிறும் வாளியும் இங்கே வாங்குகிறேன். மின்பிறப்பாக்கி வேண்டாம். கனடாவிலிருந்து ஏதாவது அனுப்பியே ஆகவேண்டும் என்றால், ஒன்ராறியோ மாகாணத்தில் எரிவாயு அடுப்புள்ள வீடுகளில் சட்டப்படி மாட்டவேண்டிய காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி, பற்றரியில் இயங்குவதாக இரண்டு அனுப்பு. ஒன்று எனக்கு. மற்றது சின்னம்மாவின் பக்கத்து வீட்டுக்கு. அவர்கள் ஐந்து கேவிஏ வாங்கிவிட்டார்கள், கராஜுக்குள் நிற்கிறது.